பொங்கல் விடுமுறையில் புதுச்சேரி முதல் தனுஷ்கோடி வரை: சைக்கிளும் கூடாரமுமாக 11 நாள்

பொங்கலன்று சைக்கிளை மிதிக்காதீர்கள். இந்தப் பயணத்துக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான். விடுமுறை முழுவதையும் கிலோமீட்டர் கணக்காக்கிவிட்டு, தை முதல் நாள் உச்சி வெயிலில் பூட்டிய கடைகளுக்கு நடுவே ஒரு டீக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். வழிநெடுக வாசலில் பானை பொங்கிக்கொண்டிருந்தது. குலவைச் சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் கடந்து 80 கி.மீ. போய், ராத்திரி பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தேன். அடுத்த தடவை கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். தை ஒன்றாம் தேதி காலையில் எந்தக் கிராமத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தேன். கிளம்பும் தேதி, ஊர், டிக்கெட் எல்லாம் அதிலிருந்து தானாக வந்தன. கீழே இருப்பது அந்தக் கணக்குதான்.

ஏன் இந்தப் பாதை, ஏன் இந்த மாதம்

காரணம் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழையைக் கொண்டுவந்த வடகிழக்குக் காற்று, மார்கழிக் கடைசியிலும் தையிலும் மழை ஓய்ந்த பிறகும் வீசிக்கொண்டுதான் இருக்கும். வாடை என்று ஊரில் சொல்வது அதைத்தான். புதுச்சேரியிலிருந்து தெற்கே இறங்குகிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். இதே பாதையைத் தெற்கிலிருந்து வடக்கே வந்து பாருங்கள், ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகிவிடும். மூட்டையோடு சைக்கிள் விடுபவருக்குக் காற்று எதிரில் இருப்பதும் மேடு ஏறுவதும் ஒன்றுதான். மேடாவது ஒரு இடத்தில் முடியும்.

வெயிலும் அப்போது தாங்கும். விடியற்காலையில் பனி இறங்கும், டெல்டாவில் சில நாள் ஏழரை மணி வரை எதிரே வருவது தெரியாது. சூரியன் ஆறரைக்குமேல்தான் வரும், மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் மிதிப்பதற்கு உங்களுக்குக் கிடைப்பது காலை ஏழு முதல் பதினொன்று, பிறகு மூன்று முதல் ஐந்து. இந்த ஆறு மணி நேரத்தில் மூட்டையோடு 60 முதல் 75 கி.மீ. நிதானமாகப் போகலாம்.

சென்னையிலிருந்தே கிளம்பலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். போகிக்கு முந்தின இரண்டு நாளும் சென்னையே தெற்கு நோக்கி நகரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை கார்களும் ஆம்னி பஸ்களும் அடித்துக்கொண்டு போகும். அந்த வரிசையில் கேரியரில் பை தொங்க ஓரத்தில் ஊர்ந்து போவது விடுமுறை ஆகாது. முன்சக்கரத்தைக் கழற்றி, பஸ்ஸின் அடிவயிற்றில் சைக்கிளைப் போட்டுப் புதுச்சேரி வந்துவிடுங்கள். பஸ்காரரிடம் முந்தின நாளே பேசி, கூலியையும் முடிவு செய்துவிட வேண்டும்.

நாள் கணக்கு

தை முதல் நாளை நடுவில் வையுங்கள். அதற்கு நாலு நாள் முன்னால் புதுச்சேரியில் கிளம்பி முதல் நாள் சிதம்பரம், சுமார் 65 கி.மீ. இரண்டாம் நாள் தரங்கம்பாடி. மூன்றாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி. போகியன்று வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் பக்கம். இந்த மூன்று நாளும் ஒவ்வொன்றும் 60 கி.மீ.க்கு உள்ளேதான், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். பொங்கலன்று முழு ஓய்வு. மாட்டுப் பொங்கலன்று காலையில் மட்டும் கோடியக்கரை போய்த் திரும்புதல். காணும் பொங்கலன்று முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம். பிறகு மீமிசல், ராமநாதபுரம், ராமேஸ்வரம் என்று மூன்று நாள். கடைசி நாள் தனுஷ்கோடி, இரவு ரயில். எல்லாம் சேர்ந்து 550 கி.மீ.க்கு முன்பின்னாக வரும்.

லீவு அத்தனை இல்லாதவர்கள் காரைக்காலுக்கு ரயிலில் வந்து அங்கிருந்து தொடங்கலாம், இரண்டு நாள் மிச்சம். வேறு எதைக் குறைத்தாலும் வேதாரண்யத்தில் நிற்கும் நாளைக் குறைக்காதீர்கள்.

இரண்டு மாதம் முன்பே செய்ய வேண்டியவை

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால் திறக்கிறது. பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாட்களுக்கான டிக்கெட் திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆக, கார்த்திகை பிறக்கும்போதே ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பழக்க எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். முதலில் 30 கி.மீ., பிறகு 40, 50 என்று ஏற்றுங்கள். கடைசி இரண்டு வாரம் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 50 போக வேண்டும். முதல் நாள் எல்லோரும் ஓட்டிவிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போதுதான் தெரியும். அந்தக் கடைசி இரண்டு வாரமும் கேரியரில் பத்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். பின்பாரம் உள்ள சைக்கிள் திரும்பும் விதமும் பிரேக் பிடிக்கும் விதமும் வேறு. கை அதைக் கற்றுக்கொள்ள நாளாகும்.

சைக்கிள்

புதுச் சைக்கிள் தேவையில்லை. கியர் உள்ள, கேரியர் மாட்ட ஃபிரேமில் ஓட்டை உள்ள எந்தச் சைக்கிளும் சரி. ஸ்டீல் ஃபிரேம் என்றால் இன்னும் நல்லது, உடைந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடுவார்கள். டயர் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள், ட்யூபின் வால்வு. மெல்லிசான பிரெஸ்டா வால்வுக்கு வழியில் எந்தக் கடையிலும் காற்றடிக்க முடியாது. மோட்டார் சைக்கிளில் இருக்கும் தடித்த ஷ்ரேடர் வால்வு என்றால், பெட்ரோல் பங்கிலும் பஞ்சர் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். ரிம்மில் உள்ள ஓட்டை இந்தத் தடித்த வால்வு நுழையாத அளவு சிறிதாக இருந்தால் கிளம்பும் முன்பே கடையில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், அல்லது பிரெஸ்டாவின் மேல் மாட்டும் மாற்று முனையை இரண்டாக வாங்கிப் பையில் போடுங்கள்.

கூட வர வேண்டியவை: மாற்று ட்யூப் மூன்று, ஒட்டு, கைப்பம்பு, டயர் நெம்பும் பிளாஸ்டிக் இரண்டு, ஆலன் கீ செட், செயின் கத்தரி, ஒரு செயின் இணைப்பு, பிரேக் கம்பி, கியர் கம்பி, செயின் எண்ணெய், பழைய பனியன் துணி. கடற்கரையில் உப்புக்காற்று இரண்டே நாளில் செயினில் செம்மண் நிறம் ஏற்றிவிடும். தினமும் ராத்திரி துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூடாரமும் மூட்டையும்

மணலில் முளை நிற்காது. ஆகவே முளை அடிக்காமலேயே தன் கம்பியில் நிற்கும் கூடாரமாக வாங்குங்கள். காற்று பலமாக இருந்தால், பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி ஒரு முழம் ஆழத்தில் புதைத்தால் அசையாது. இரண்டு அடுக்குக் கூடாரம் கட்டாயம். உள் அடுக்கு கொசுவலையாக இருக்கட்டும், வெளி அடுக்கு பனிக்கு. மார்கழிப் பனியை வெளியூர்க்காரர் யாரும் நம்ப மாட்டார்கள், விடியும்போது மேல்துணி மழையில் நனைந்ததைப் போலச் சொட்டும். அப்படியே சுருட்டி வைத்தால் மாலையில் நாறும். பதினோரு மணிக்கு ஓய்வெடுக்கும் இடத்தில் முதல் வேலையாக அதை விரித்துக் காயப்போடுங்கள்.

குளிருக்கான தூக்கப்பை சுமை. இரவில் 20 டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும், கனத்த போர்வை ஒன்று போதும். கீழே தார்ப்பாய், அதன்மேல் ஃபோம் பாய். துணி இரண்டு செட், ஒரு கைலி, தலைக்குத் துண்டு. அடுப்பு கொண்டுபோவதானால் சிறியதாக இருக்கட்டும். காஸ் குப்பியை ரயிலில் ஏற்றக்கூடாது, அதனால் வழியிலேயே தீர்த்துவிட வேண்டும். நான் இப்போதெல்லாம் அடுப்பே எடுப்பதில்லை. அவல் ஒரு கிலோ, வெல்லம், வறுத்த கடலை, ஒரு டப்பா. அவலை நனைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் சாப்பாடு தயார். தை முதல் இரண்டு நாளும் கிராமத்து டீக்கடைகளில் பாதி திறக்காது. அந்த இரண்டு நாளுக்கு இந்த டப்பாதான் துணை.

மொத்தச் சுமை 14 கிலோவைத் தாண்ட வேண்டாம். கனமானதைக் கேரியரின் இரு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிடுங்கள்.

இடம் கேட்பது

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எங்கே படுப்பது? கூடாரம் போடுவதற்கென்று இந்தப் பாதையில் இடங்கள் கிடையாது. தினமும் மாலை நாலரை மணிக்கு யாரையாவது பார்த்து அனுமதி கேட்க வேண்டும். இருட்டிய பிறகு கேட்டால் நல்ல மனிதரும் தயங்குவார். நாலரைக்குக் கேட்டால், உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய அவருக்கு வெளிச்சம் இருக்கும்.

மீனவர் ஊரென்றால் நேராகக் கடற்கரைக்குப் போகாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் யார் என்று டீக்கடையில் கேட்டு, அவரிடம் போய்ப் பெயரும் ஊரும் சொல்லி, ஆதார் அட்டையைக் காட்டுங்கள். அவர் சரி என்றால் அன்றைக்கு ஊரே உங்களுக்குக் காவல். கேட்காமல் மணலில் கூடாரம் போட்டால் கடலோரப் போலீஸ் ரோந்து வந்து எழுப்புவார்கள், இந்தக் கரையில் அது அவர்கள் கடமை. டெல்டாவில் கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராண்டா, களம். வேளாங்கண்ணிப் பக்கம் சர்ச் வளாகம். எதுவும் அமையவில்லை என்றால் இரவெல்லாம் லைட் எரியும் பெட்ரோல் பங்க். தனியாகப் போகும் பெண்கள் அதற்கும் முன்னால் ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேட்கச் சொல்வேன். அவர் கை காட்டும் இடம் பெரும்பாலும் அவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கும்.

கேட்கும் வார்த்தையும் முக்கியம். "கேம்பிங்" என்று தொடங்கினால் புரியவைக்கவே கால் மணி ஆகும். "ஐயா, பாண்டியிலேர்ந்து சைக்கிள்ல வர்றேன், ராமேஸ்வரம் போறேன். ராத்திரி மட்டும் இங்க ஓரமா படுத்துக்கிட்டு விடியக்கால போயிடுறேன்" என்றால் போதும். ராமேஸ்வரம் என்ற பெயருக்கு இந்தப் பாதையில் ஒரு மரியாதை உண்டு, எந்த மதத்துக்காரர் ஊரிலும்.

மூன்று இடங்களில் மட்டும் யார் சொன்னாலும் படுக்காதீர்கள். காய் உள்ள தென்னையின் நேர் கீழே ஒன்று. அலை நனைத்த கோட்டுக்குக் கிட்டே ஒன்று. மூன்றாவது, காய்ந்து கிடக்கும் வாய்க்கால். இதை நான் பட்டுத்தான் கற்றேன். திருப்பூண்டிக்குப் பக்கத்தில் வரப்பைவிடத் தாழ்வாக, புல் மெத்தை போலிருந்த ஒரு கிளை வாய்க்காலில் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு முதுகு சில்லென்றது. புரண்டு படுத்தேன், பாய் மிதந்தது. மேலே யாரோ முறைத் தண்ணீருக்காக மடையைத் திறந்திருந்தார்கள். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடும் காலம் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. பொங்கல் சமயத்தில் கடைமடை வாய்க்கால் எதுவும் நிரந்தரமாகக் காய்ந்தது அல்ல, முறைக்குக் காத்திருக்கிறது. டார்ச்சோடு வந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாய்க்கால்லயா படுப்பாங்க, மேல வாப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மீதி இரவு அவர் வைக்கோல் போர் ஓரத்தில் கழிந்தது.

நடுநடுவே லாட்ஜில் தங்குங்கள். துணி துவைக்க, பவர் பேங்க் ஏற்ற, நன்றாகத் தூங்க. சிதம்பரம், வேளாங்கண்ணி, ராமநாதபுரம் மூன்றும் அதற்கு வசதி.

புதுச்சேரி முதல் வேளாங்கண்ணி வரை

முதல் நாள் கடலூர் தாண்டும் வரை வண்டி அதிகம், வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. காலையிலேயே கடந்துவிடுங்கள். சிதம்பரத்துக்குப் பிறகு கொள்ளிடம் பாலம் ஏறியதும் காட்சி மாறும். சம்பா அறுவடை தொடங்கியிருக்கும். சாலையின் பாதி அகலத்தில் நெல் காயும், அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், சுற்றிப் போங்கள். கதிர் அறுக்கும் மிஷின் சாலையில் எதிரே வந்தால் இறங்கி நின்றுவிடுவது நல்லது.

சீர்காழியிலிருந்து பெரிய சாலையை விட்டுப் பூம்புகார் வழியாகக் கடலோரம் வாருங்கள். தூரம் கொஞ்சம் கூடும், லாரி இல்லாத அமைதி கிடைக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். மாலை வெயிலில் அந்தக் கோட்டைச் சுவர் மஞ்சளாகும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி மிதியுங்கள்.

அடுத்த நாள் தூரம் குறைவு. நாகூர் தர்காவில் நிற்க நேரம் உண்டு. நாகப்பட்டினத்தில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது இந்த மாவட்டம், போனவர்கள் ஆயிரக்கணக்கில். நீங்கள் கூடாரம் போட இடம் கேட்கும் வீட்டிலும் ஒரு படம் மாலையோடு தொங்கலாம். கடலைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள்.

போகியும் பொங்கலும்

வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யத்துக்குத் திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாகக் கடலோரச் சாலை போகிறது. இந்த 50 கி.மீ.தான் மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது. மார்கழியின் கடைசிக் காலை. தெருவெல்லாம் சாணம் தெளித்து, கோலம் போட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ வைத்திருப்பார்கள். கிராமத்துத் தெருவில் கோலத்தின்மேல் சக்கரத்தை ஏற்றாமல் வளைத்து வளைத்து ஓட்டுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள். நின்று தண்ணீர் கேட்டால் டம்ளரோடு பேச்சும் வரும்.

போகியன்று மதியத்துக்குள் வேதாரண்யம் வட்டாரத்தில் ஒரு கிராமத்தைப் பிடித்து, இடம் கேட்டுக் கூடாரத்தைப் போட்டுவிடுங்கள். மூன்று ராத்திரி இருப்பேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அன்று மாலை கடைத்தெரு திறந்திருக்கும்போதே பச்சரிசி ஒரு கிலோ, வெல்லம் அரைக் கிலோ, ஒரு கரும்பு, வாழைப்பழம், கொஞ்சம் கற்பூரம் வாங்கி வையுங்கள். மறுநாள் யாராவது கூப்பிடுவார்கள், நிச்சயம் கூப்பிடுவார்கள். அப்போது வெறுங்கையோடு போகக் கூடாது. காசு கொடுத்தால் மனம் நோகும், பானைக்கு அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

காலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பும். எழுந்து குளித்துவிடுங்கள். ஏழு மணிவாக்கில் வாசலில் கோடு கிழித்து அடுப்புக் கூட்டுவார்கள். நான் தங்கிய வீட்டில் மூன்று செங்கல்லும் ஈரம். தென்னம்பாளையைச் செருகினால் புகை மட்டும் வந்தது. அந்த வீட்டு அம்மா என் சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "காத்தடிக்கிற பம்பு வச்சிருக்கியாப்பா?" என்றார். கைப்பம்பின் வாயை அடுப்புக்குள் நீட்டி நான் அடிக்க, அவர் பேரன் எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பத்தொன்றில் தீ பிடித்தது. பானைக் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்தின் இலை வெந்து மணந்தது. நுரை விளிம்புக்கு வந்து ஒரு நொடி நின்றது, கிழக்குப் பக்கமாக வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று பையன் கத்தியதில் கூடாரத்துக்குள் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

இப்படி நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் நடப்பதற்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அதுவும் அவசரமில்லாமல். அன்றைக்குக் கை கொடுக்க வேலை நிறைய இருக்கும், தண்ணீர் இறைக்க, மாட்டைக் குளிப்பாட்ட, கொம்புக்கு வண்ணம் பூச. மதியம் தூங்குங்கள். கால் தசைகளுக்கு நாலு நாளைக்குப் பிறகு வரும் இந்த ஓய்வுதான் மீதி 300 கி.மீ.க்கு முதலீடு.

மாட்டுப் பொங்கலன்று வெயில் ஏறுமுன் மூட்டையில்லாமல் கோடியக்கரை போய் வாருங்கள், ஒரு பக்கம் 10 கி.மீ. போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் பாத்தி பாத்தியாக மின்னும். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளியது இந்த வேதாரண்யம் கரையில். கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் கூட்டத்தைக் காலையில் பார்க்கலாம், பூநாரைகளுக்கும் இதுதான் பருவம். சரணாலயத்துக்குள் கூடாரம் கூடாது, வனத்துறை அனுமதிக்கும் பாதையைவிட்டு இறங்கவும் கூடாது. பத்து மணிக்குத் திரும்பிவிட்டால் மாலையில் மாட்டுப் பொங்கல் கிடைக்கும்.

முள்ளும் உப்புத் தண்ணீரும்

காணும் பொங்கலன்று கடற்கரை, பூங்கா, படகுத்துறை எதன் பக்கமும் போகாதீர்கள், எல்லா ஊரும் அங்கேதான் இருக்கும். துளசியாப்பட்டினம், இடும்பாவனம் வழியாக முத்துப்பேட்டை போய், அதிராம்பட்டினம் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் கேட்டுத் தங்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல் இந்தப் பகுதித் தென்னைகளை வரிசை வரிசையாகச் சாய்த்தது. புதிதாக வைத்த கன்றுகள் இப்போதுதான் தலையெடுத்து நிற்கின்றன. தோப்புக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டால் மரத்துக்கு மரம் கணக்குச் சொல்வார்.

மனோராவை மறுநாள் காலையில் பாருங்கள். இரண்டாம் சரபோஜி மன்னர், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டிய கோபுரம், கடலோரத்தில் தனியாக நிற்கிறது. காலையில் ஆள் இருக்காது.

மனோராவுக்குத் தெற்கே மண் மாறிவிடும். வயல் குறைந்து, சீமைக்கருவேலம் இரு பக்கமும் அடர்ந்து வரும். பஞ்சர் எல்லாம் இனிமேல்தான். ஆட்டுக்கு வெட்டிய கிளைகளும் விறகு வண்டியிலிருந்து விழுந்த குச்சிகளும் சாலை ஓரத்தில் கிடக்கும். அதனால் ஓரத்தில் ஒட்டி ஓட்டாதீர்கள், வெள்ளைக் கோட்டின்மேல் ஓட்டுங்கள். ஓய்வெடுக்க இறங்கும்போது சைக்கிளை மண்ணில் உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சர் ஆனால் ட்யூபை மாற்றிவிட்டு உடனே டயரை ஏற்றிவிடாதீர்கள். முள் முனை டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டே வாருங்கள். பஞ்சு எங்கே இழுபடுகிறதோ அங்கே முள். வெளியிலிருந்து பிடுங்க வராது, உள்ளேயிருந்து ஊக்கால் குத்தி வெளியே தள்ளுங்கள். இதைச் செய்யாமல் போன ஒரு நண்பர், மீமிசலுக்கும் தொண்டிக்கும் நடுவே ஒரே முள்ளுக்கு மூன்று ட்யூப் மாற்றினார்.

இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காலையில் நாலு லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், கேன் தண்ணீர் விற்கும் கடையைக் கண்டால் பாட்டிலை நிரப்பிவிடுங்கள். மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் சாப்பாட்டுக்குக் கவலையில்லாத ஊர்கள். ராத்திரி புரோட்டாவும் மீன் குழம்பும் கிடைக்கும். ராமநாதபுரத்தில் லாட்ஜ், வெந்நீர், துவைத்த துணி.

பாம்பனும் தனுஷ்கோடியும்

ராமநாதபுரத்தில் சாலை கிழக்கே திரும்பியதும், இத்தனை நாள் முதுகைத் தள்ளிய வாடை இடப்பக்கம் முன்னாலிருந்து அடிக்கத் தொடங்கும். 55 கி.மீ.தானே என்று நினைக்காமல் காலை ஆறரைக்கே கிளம்புங்கள். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது காற்று பக்கவாட்டில் அறையும். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கி.மீ.க்கு மேல் நீளம். அதன் உச்சியில் காரை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் கூட்டம் வேறு. கார் ஒன்று உங்களைத் தாண்டும் கணத்தில் காற்று அறுந்து, மறு கணம் மறுபடி தள்ளும், சைக்கிள் அப்போதுதான் இழுத்துக்கொண்டு போகும். கியரைக் குறைத்து, இரு கையும் பிடியில் வைத்து, நேராகப் பார்த்து ஓட்டுங்கள். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், நடுவில் செங்குத்தாகத் தூக்கிக்கொள்ளும் பகுதியோடு தெரியும்.

தனுஷ்கோடிக்கு மூட்டையை ராமேஸ்வரம் அறையில் வைத்துவிட்டுப் போங்கள். அரிச்சல்முனை வரை சுமார் 23 கி.மீ., வழியெல்லாம் நிழல் கிடையாது. சாலையில் மணல் படர்ந்திருக்கும் இடங்களில் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல் கடந்துவிட வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ரயிலோடும் ஊரோடும் அழிந்த இடம் இது. சர்ச் சுவரும் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. இங்கே இரவு தங்க அனுமதியில்லை, மாலைக்குள் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். காலை ஏழுக்குக் கிளம்பி பத்துக்குள் திரும்புவதே நல்லது.

வீடு திரும்புதல்

ராமேஸ்வரம் கடைசி நிலையம் என்பது சைக்கிளுக்கு வசதி, ரயில் நெடுநேரம் நிற்கும், அவசரமில்லாமல் ஏற்றுவார்கள். மதியமே பார்சல் அலுவலகத்துக்குப் போய், பயண டிக்கெட்டையும் அடையாள அட்டை நகலையும் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். லைட், பாட்டில், பம்பு, பைகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். செயினையும் கியரையும் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். அட்டையில் பெயர், போன் எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எழுதி இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். இறங்கும் இடம் நடுவில் இரண்டு நிமிஷம் நிற்கும் நிலையமாக இருக்கக் கூடாது, ரயில் நின்று நிதானிக்கும் பெரிய நிலையமாகப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு திருகாணிகளில் ஏறிவிட்டால் பிறகு கழற்ற வராது. கூடாரத்தை மொட்டை மாடியில் இரண்டு நாள் விரித்து, மணலைத் தட்டி மடியுங்கள். வேதாரண்யத்தில் பொங்கலன்று எடுத்த படங்களை வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பானையோடு அந்த அம்மா நிற்கும் படத்தை நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, கிளம்பும்போது எழுதி வாங்கிக்கொண்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பிவையுங்கள்.